கிளாடிஸின் பின்சக்கரம்

ஆறு மணிப் பூசை முடிந்து கிளாடிஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததுமே, பின்சக்கரத்தில் காற்று குறைந்திருப்பதை அகஸ்டின் பார்த்துவிட்டான். மூன்று ஞாயிறாக அவன் பார்த்துக்கொண்டிருந்தது சக்கரத்தை அல்ல. திருச்சியிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்து, கோபாலபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சராகச் சேர்ந்திருந்தவள் அவள். சாந்தோமில் பிறந்து வளர்ந்து லஸ்ஸில் குமாஸ்தாவாக இருந்த அகஸ்டினுக்கு, இருபத்தேழு வயது வரைக்கும் ஒரு பெண்ணிடம் தானாகப் போய்ப் பேசத் தைரியம் வந்ததில்லை. இன்றைக்குத்தான் ஒரு சாக்கு கிடைத்தது.

"காத்து இறங்கியிருக்கு. ஒரு நிமிஷம் இருங்க, நான் அடிச்சுத் தர்றேன்," என்று தன் சைக்கிளிலிருந்து பம்பை உருவினான்.

"கொஞ்சம் போதும். டியூப் பழசு," என்றாள்.

அது காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. அடித்துக்கொண்டே பேசினான். திருச்சியில் வெயில் எப்படி, பிள்ளைகள் சொன்ன பேச்சு கேட்கிறார்களா என்றெல்லாம். ஒரு கேள்விக்கு அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்து அடி.

"போதுங்க."

"கல்லு மாதிரி ஆகட்டும்," என்றான், அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

டமார்!

துறைமுகத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. "குண்டு! குண்டு!" என்று யாரோ கத்த, கோயில் முற்றத்திலிருந்த கூட்டம் மொத்தமும் தரையில் விழுந்தது. ஆரோக்கியநாதன் வாத்தியார் வெள்ளைக் கோட்டோடு மழைச் சேற்றில் குப்புறக் கிடந்தார். பூசை உடுப்பைக் கழற்றாமலே சாமியார் ஓடி வந்தார். பம்பும் கையுமாக அகஸ்டின் விழித்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு நான் எப்படிப் பள்ளிக்கூடம் போறது?" என்றாள் கிளாடிஸ். சிரிப்பெல்லாம் போயிருந்தது. "யுத்தம் முடியற வரைக்கும் புது டியூப் எங்க கிடைக்கும்?"

"என் சைக்கிளை எடுத்துக்குங்க."

குறுக்குக் கம்பி போட்ட ஆண்கள் சைக்கிள். அவள் கம்பியைப் பார்த்தாள், தன் புடவையைப் பார்த்தாள், தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அந்த வாரம் முழுக்க அகஸ்டின் டியூபுக்கு அலைந்தான். அவன் டியூப் அவளுடைய சின்னச் சக்கரத்துக்குச் சேராது. மயிலாப்பூரில் கையை விரித்தார்கள். தியாகராய நகரில் பர்மிட் கேட்டார்கள். கடைசியில் மந்தைவெளியில் சைக்கிள் கடை காதர், "லேடீஸ் டியூப் ஒண்ணே ஒண்ணு கீது நைனா, ஒட்டுப் போட்டது. உன் வண்டியில கீற ரெண்டு டியூபையும் கய்ட்டிக் குட்த்துட்டு எடுத்துக்கினு போ," என்றார். பகல் கொள்ளை. கொடுத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் தூறலில் நடந்தே அபிராமபுரம் போய், அவள் அண்ணன் விக்டர் வீட்டுக் கதவைத் தட்டினான். வேட்டியெல்லாம் சேறு. கையில் டியூப்.

"கடையிலேருந்தா? பின்பக்கமா வாப்பா, சைக்கிள் அங்க நிக்குது," என்றார் விக்டர்.

இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். என்ன செய்வது? பின்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றினான். டியூபை மாட்டி முடிக்கிற நேரத்தில் கிளாடிஸ் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அய்யோ, நீங்களா? அண்ணா, இவர் கடைக்காரர் இல்ல. வெடிக்க வச்சவர்!"

அண்ணனும் அண்ணியும் சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். விக்டர் மன்னிப்புக் கேட்டு நாற்காலி போட்டார். அண்ணி காப்பி கொண்டுவந்தாள். கிளாடிஸ் தானே பம்பை எடுத்துக் காற்றடித்தாள். அகஸ்டின் எழுந்து கை நீட்டியபோது, "வேண்டாங்க, நீங்க காப்பியைக் குடிங்க," என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் சமாதானமாவது பேசியிருக்கலாம்.

ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்த பேச்சில் ஒரு வரிகூட வெளியே வரவில்லை. "வரேங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினான். பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது: அவர்கள் யாரும் அவன் பெயரைக் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று கொஞ்ச நேரம் நின்றான். ஒருவன் தூறலில் நனைந்துகொண்டு வந்து பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அதற்கும் சிரிப்பார்கள். "சே!" என்று நெற்றியில் அறைந்துகொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான். திங்கட்கிழமை ஆபீசுக்கும் நடைதான்.