பிரேக் போட்டால் தெரியும் வலை

சிவசங்கர் வாங்கிய பழைய வெள்ளைக் காரில் உருப்படியாக எதுவுமே இல்லை. அவன் கண்ணை உறுத்தியதோ பின்விளக்கு மட்டும்தான். மீஞ்சூர்ப் பையன்களின் வண்டிகளில் அது கறுத்துக் கிடப்பதைப் பார்த்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. கடையில் ஃபிலிம் ஒட்ட விலை கேட்டான். "அந்தக் காசுல ஊர் வண்டிக்கெல்லாம் நானே அடிப்பேன்" என்று ஒரு கறுப்பு ஸ்ப்ரே டப்பாவோடு திரும்பிவிட்டான்.

வெறும் கறுப்பு போதாதாம், டிசைன் வேண்டுமாம். விளக்கின் மேல் மீன்வலையை இழுத்துக் கட்டி ஸ்ப்ரே அடித்துவிட்டு உருவினால், நூல் மறைத்த இடம் மட்டும் சிவப்பாக நிற்கும். யோசனை நல்லதுதான். ஆனால் அவன் மனைவி கஸ்தூரி, "என் வலை மேல பெயிண்ட் பட்டுச்சுன்னா கைய ஒடிச்சுடுவேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள்.

அதனால் ஊர்த் தலைவர் நாகப்பன் வீட்டுக்குப் போய், அவர் மனைவி பொன்னியம்மாளிடம் ஒரு பழைய வலை கேட்டான். வெள்ளந்தி மனுஷி. கொல்லையில் சாக்குக்கு அடியில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தாள். வலைக்கண் சின்னதாக இருந்தால் டிசைன் நைஸாக வரும் என்று இவனும் வாங்கி வந்தான். பொடி இறாலைக்கூட விடாமல் வாரும் அந்தச் சின்னக்கண் வலையை ஏரியில் இறக்கக் கூடாது என்று ஊர் கூடித் தடுத்திருந்தது அந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

விளக்கைச் சோப்புப் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, வலை கட்டி அடித்தான். பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் வந்தது.

மறுநாள் பாடு குலுக்கும் நாள். ஏரியில் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடுவது என்று சீட்டுப் போடுவார்கள். பாடு இல்லாதவன் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஆணும் பெண்ணுமாக ஊரே கூடியிருந்த இடத்தில் காரின் பின்பக்கத்தைக் காட்டி நிறுத்தினான். கஸ்தூரியை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்துவிட்டு இறங்கி, "பிரேக்க அமுக்கு" என்றான். கறுப்புக்குள் சிவப்பாய் ஒரு வலை எரிந்தது.

முதலில் விசிலடித்தவர்கள் மெல்ல அடங்கினார்கள். வலைக்கண்ணைப் பார்த்தே வலையைச் சொல்லிவிடுகிற கூட்டம் அது. நாகப்பன் எழுந்து வந்து விளக்கின் மேல் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். விரலுக்கு அடியில் கண் மறைந்தே போனது.

"இன்னாடா இது? தடுத்த வலை! இது எவன் வலையோ, அவனுக்கு இந்த வருசம் பாடு கிடையாது!"

எல்லாரும் சிவசங்கரையே பார்த்தார்கள். பாடு போனால் அடுப்பு எரியாது. அப்புறம்தான் வலை எங்கிருந்து வந்தது என்பது ஞாபகம் வந்தது. படுபாவி, சிரித்தேவிட்டான்.

"தலைவர் சொல்றது நாயம்தான். எவனா இருந்தாலும் வுடக்கூடாது. இன்னா தலைவரே?"

"எவனா இருந்தாலும்தான்!" என்று உறுமினார் நாகப்பன். ஊரும் ஆமாம் போட்டது.

சிவசங்கர் பெண்கள் பக்கம் திரும்பினான். "பொன்னியக்கா, வேலை முடிஞ்சிடுச்சு. உங்க வலைய எப்ப கொண்டாந்து குடுக்கட்டும்?"

"சாயங்காலத்துக்குள்ள குடுத்துடு நைனா" என்றாள் பொன்னியம்மாள். "ராத்திரிக்கு அவருக்கு வேணும்."

நாகப்பனின் விரல் விளக்கின் மேலேயே இருந்தது. கஸ்தூரி பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை.