மஞ்சள் குடைக்குப் பின்னால்

இத்தாலியின் சியேனா நகரில் வந்து இறங்கியதிலிருந்து மழை விடவில்லை. பஸ்ஸில் வந்த ஓய்வூதியர் சங்கத்தார் ஒரு குடைக்கு இரண்டு பேராக இடித்துக்கொண்டு, நனைந்ததற்கு ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டு நடந்தார்கள். எர்மெஸ் மட்டும் ஒரு முழுக் குடையைத் தனக்கே வைத்துக்கொண்டு கடைசியில் வந்தார். கொடுத்துவைத்தவர் என்று யாரும் சொல்லவில்லை.

அது அவர் மனைவி நோர்மாவின் குடை. கண்ணைப் பறிக்கிற மஞ்சள், ஒரு குடும்பமே ஒதுங்கலாம் போல அகலம். சந்தையில் அதை அவள் வாங்கிய அன்றே, "இதைப் பிடிச்சிட்டு வந்தா நான் உன்கூட நடக்க மாட்டேன்" என்றார் எர்மெஸ். சொன்னபடியே செய்தார். எந்த ஊர் சுற்றப் போனாலும் நோர்மா குடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவாள். இவர் பத்தடி பின்னால், யாரோ எவரோ போல வருவார். ஒவ்வொரு தெருமுனையிலும் அவள் நின்று திரும்பி, ஊரே கேட்கும்படி கத்துவாள்: "எர்மெஸ், வர்றியா இல்லையா?" இவருக்கு மானம் போகும்.

இந்தப் பயணத்துக்கு இருவர் பெயரையும் வசந்தகாலத்திலேயே கொடுத்து வைத்தவள் அவள்தான். கோடையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். சங்கத் தலைவர் பிரூனோ தயங்கித் தயங்கி, "நோர்மா பேரை... எடுத்துடட்டுமா?" என்று கேட்டபோது, "பஸ் எத்தனை மணிக்கு?" என்று எர்மெஸ் பேச்சை மாற்றினார். பிரூனோவே பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிட்டார். அவள் இல்லை என்பதை அவர் இதுவரை தன் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் குடையைச் சாய்த்து வைத்துக்கொண்டு வந்தார்.

பேராலயத்துக்கு அருகே இருந்த அருங்காட்சியகத்தில் குடையோடு உள்ளே விடமாட்டார்கள். வாசலில் ஒரு பெரிய வாளி. அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே பழைய ஓவியங்களில், தங்கப் பின்னணியில் மாதாக்கள் வரிசையாக வீற்றிருந்தார்கள். அதில் ஒரு மாதாவின் முகம் அச்சு அசல் அவர்கள் ஊர்த் தபால்காரியின் முகம், "உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லும்போது அவள் வைத்துக்கொள்கிற முகம். எர்மெஸுக்குச் சிரிப்பு வந்தது. சொல்லலாம் என்று திரும்பினார். பக்கத்தில் ஆளில்லை. அதற்குமேல் அவருக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. சங்கத்தாரை விட்டுவிட்டு இறங்கி வந்தார். வாளியிலிருந்த மஞ்சள் குடையை உருவி விரித்துக்கொண்டு நடந்தார்.

சதுக்கத்தைத் தாண்டிய பிறகுதான் கைக்கு ஏதோ உறைத்தது. நோர்மா கைப்பிடியில் சிவப்புக் கம்பளி நூல் சுற்றியிருந்தாள். "கூட்டத்துல மாறிடக் கூடாதில்ல" என்றவளை, "இந்தக் கண்றாவியை எவன் எடுப்பான்?" என்று கேலி செய்தவர் இவர்தான். இந்தக் கைப்பிடியில் நூல் இல்லை.

வீட்டில் வேறு எது தொலைந்திருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பார். ஓடிப்போய் எடுக்கலாம் என்று திரும்பினால், வழியை அடைத்துக்கொண்டு ஒரு கூட்டம். மழைக்கோட்டும் முக்காடுமாக, காதில் ஆளுக்கொரு கருவி மாட்டிக்கொண்டு, அவரையே பார்த்தபடி நின்றது. இடப்பக்கம் ஒதுங்கினார். கூட்டமும் ஒதுங்கியது.

"ஏங்க, காதுல ஒண்ணும் விழலை" என்றாள் முன்னால் நின்ற கனத்த கிழவி. பெயர் அசுந்தா என்று பிறகு தெரிந்தது. "கைடம்மா பேச்சு பாதியிலேயே நின்னு போச்சு. மஞ்சக் குடைய விட்டுடாதீங்கன்னாங்க, நாங்க விடலை. நீங்க அவங்க ஆளா?"

"நான் யாருமில்லைங்க. குடை மாறிப் போச்சு. என் குடை அவங்ககிட்டதான் இருக்கும்."

"நல்லாருக்கு போங்க! நாங்க தெக்கேர்ந்து வந்தவங்க, இங்க ஒரு சந்துகூடத் தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது."

"குடை உங்க கையிலதானே இருக்கு? நடங்க."

அருங்காட்சியக வாளியில் மஞ்சள் எதுவும் இல்லை. "கைடு உங்களைத் தேடித்தான் கீழ பெரிய சதுக்கத்துக்கு ஓடுச்சு" என்றான் வாசல்காரன். கீழே இறங்கினார்கள். எர்மெஸ் பிறந்தது வளர்ந்தது எல்லாம் சமவெளி. இந்த ஊர்ச் சந்துகளோ ஒன்று ஏறும், ஒன்று இறங்கும், ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் சுவரில் முடியும். முன்னால் நடந்து அவருக்குப் பழக்கமே இல்லை. இரண்டாவது திருப்பத்தில் திரும்பிப் பார்த்தார். கூட்டம் இருந்தது, அசுந்தாவைக் காணவில்லை. நெஞ்சு திக்கென்றது.

"அம்மா! வர்றீங்களா இல்லையா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. அசுந்தா ஒரு மிட்டாய்க்கடை வாசலிலிருந்து, வாய் நிறைய பாதாம் பலகாரத்தோடு, "வர்றேன், வர்றேன், ஏன் கத்துறீங்க?" என்று வந்தாள். தன் வாயிலிருந்து வந்தது யாருடைய சத்தம் என்று எர்மெஸுக்குத் தெரிந்துவிட்டது. அதை அதிகாரம் என்று அவர் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார். அது பயம். பின்னால் வருகிறவன் எங்கேயாவது தொலைந்துவிடுவானோ என்கிற பயம். ஒரு தடவையாவது பக்கத்தில் போய் நடந்திருக்கலாம். பாவி, ஒரு தடவைகூட நடக்கவில்லை.

பெரிய சதுக்கத்தின் சரிவில் மழைநீர் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் மஞ்சள் குடையோடு ஒரு பெண் எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பி, சட்டையில் மாட்டிய மைக்கில் கத்திக்கொண்டிருந்தாள்.

"என் ஆளுங்களையே ஓட்டிட்டுப் போயிட்டீங்களே! இது உங்களுக்கே நியாயமா?"

எர்மெஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பிடித்திருந்த கைப்பிடியைப் பார்த்தார். சிவப்பு நூல் நனைந்து கறுத்திருந்தது. தன் கையிலிருந்த குடையை அவளிடம் கொடுத்துவிட்டு, அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அது என் மனைவியோடது" என்றார்.

"அவங்க திட்டியிருப்பாங்களே!" என்று சிரித்துவிட்டு, அவள் தன் ஆட்களை எண்ண ஆரம்பித்தாள். எல்லோரும் அவள் குடைக்குப் பின்னால் போய்விட்டார்கள். அசுந்தாவும்தான். பஸ் நிற்கிற இடம்வரை ஒவ்வொரு முனையிலும் எர்மெஸ் திரும்பிப் பார்த்தார். பின்னால் மழைதான் வந்தது.

பஸ்ஸில் பழைய இடத்தில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் குடையைச் சாய்த்தார். பிரூனோ வழக்கம்போல் ஜோடி ஜோடியாக எண்ணிக்கொண்டு வந்தார். "ரெண்டு, நாலு, ஆறு..." கடைசி வரிசைக்குப் போய், கையிலிருந்த பட்டியலைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"ஒண்ணு கூட வருதே!" மறுபடி முதலிலிருந்து எண்ணினார். எர்மெஸின் வரிசையில் அவர் விரல் மறுபடி இரண்டு என்று ஆடியது. பிரூனோவின் மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

எர்மெஸ் குடையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கால்சட்டை நனைந்தது.

"இங்க நான் ஒருத்தன்தான், பிரூனோ" என்றார். "ஒருத்தன்னே எண்ணிக்கோ."