இறக்கத்தில் சொன்னது

சேவுகனும் அவர் மனைவி உண்ணாமலையும் சிக்கிம் போய்விட்டு அறுபத்து நான்காம் நாள் விராலிமலைக்குத் திரும்பினார்கள். போன வண்டியிலேயே திரும்பினார்கள். தெருவில் பலர் இதை எதிர்பார்க்கவில்லை.

அந்த வண்டி பன்னிரண்டு வருடம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற வேன். அரசுப் பேருந்தில் இருபத்தொன்பது வருடம் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற சேவுகன் அதை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டிலும் அடுப்பும் தண்ணீர் டேங்கும் வைத்து வீடாக மாற்றியிருந்தார். பள்ளியின் பெயரை அழித்தவர் மஞ்சள் பெயிண்டை அப்படியே விட்டுவிட்டார். ஒடிசாவில் ஒரு நாள் காலையில், புத்தகப் பைகளோடு இரண்டு பிள்ளைகள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தார்கள்.

வந்த மறுநாளே வண்டியை அருள்தாஸின் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். மதுரை ரோட்டில் தகரக் கொட்டகை போட்ட பட்டறை. வண்டியை வீடாக்க உதவியவரும் அருள்தாஸ்தான். "இதுல திருச்சி வரைக்கும் போகலாம்ணே" என்று அப்போதே சொல்லியிருந்தார்.

உண்ணாமலை வழியில் கண்ட கோளாறுகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். மொத்தம் முப்பத்தொன்று. பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தாள்.

"ஒண்ணு. கூரை ஒழுகுது. நாக்பூர்ல ஆரம்பிச்சுச்சு. கட்டில்ல எடது பக்கம் மட்டும்."

"அக்கா, எடது பக்கம் யாரு படுக்கறது?"

"மொத முப்பத்தஞ்சு நாள் அவரு. அதுக்கப்புறம் நானு."

அருள்தாஸ் காரணம் கேட்கவில்லை. சிங்க் குழாய், தானாகத் திறந்துகொள்ளும் பக்கவாட்டுக் கதவு, எலி கடித்த வயர் என்று பட்டியல் நீண்டது. முப்பத்தொன்றையும் கேட்டுவிட்டு, எதற்கும் பேரிங்குக்கு கிரீஸ் வைத்துவிடலாம் என்று முன்சக்கரத்தைக் கழற்றினார். கழற்றியவர் சற்று நேரம் குத்துக்காலிட்டபடியே இருந்தார். பிறகு எழுந்துபோய் மற்ற மூன்று சக்கரங்களையும் கழற்றினார்.

"அக்கா, பிரேக்கு ஒங்க நோட்டுல எத்தனாவது?"

"பிரேக்கு இல்லையே தம்பி."

"வண்டியிலயும் இல்லக்கா."

பிரேக் லைனிங் முழுக்கத் தேய்ந்து, ரிவெட் ஆணிகள் டிரம்மைச் சுரண்டி விரல் போகிற அளவுக்குப் பள்ளம் பறித்திருந்தன. பின்பக்கம் பிரேக் ஆயில் கசிந்து சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் கறுப்பாகப் படிந்திருந்தது.

"இது நேத்து ஆனதில்ல. மலையிலயே போயிருக்கும். ஓட்டுனவருக்குத் தெரியாம இருக்காது," என்றார் அருள்தாஸ். சொன்ன பிறகுதான் சேவுகனின் முகத்தைப் பார்த்தார். உடனே ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

உண்ணாமலை நோட்டை மூடினாள். "என்னைக்குத் தெரியும் ஒங்களுக்கு?"

"மலையிலேர்ந்து எறங்கறப்ப."

"முப்பத்தஞ்சாம் நாளு."

"இருக்கும்."

முப்பத்தைந்தாம் நாள் நடந்தது அருள்தாஸுக்குத் தெரியாது. அன்று சிக்கிமில் ஓர் இறக்கத்தில், வளைவுக்கு வளைவு வண்டியை இரண்டாவது கியரிலேயே இறக்கிக்கொண்டிருந்த சேவுகன் திடீரென்று பேசினார். "உண்ணாமலை, ஒனக்கு வேலை ஆர்டரு வந்துச்சு. தொண்ணூத்து மூணுல. ராமநாதபுரத்துல டைப்பிஸ்டு. தபால்காரர்கிட்ட நாந்தான் கையெழுத்துப் போட்டு வாங்குனேன். நீ அங்கிட்டு போயிருவியேன்னு பஸ்ஸுல டூல்ஸ் பெட்டிக்குள்ள வச்சிருந்தேன். சேர வேண்டிய தேதி போயிருச்சு. தப்புதான். மன்னிச்சுக்க."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்று மட்டும் உண்ணாமலை சொன்னாள்.

அந்த ஆர்டர் வந்தது அவளுக்கு முன்பே தெரியும். தேதி முடிந்த அடுத்த வாரமே சந்தையில் தபால்காரர் அவளைப் பார்த்து, வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டார். சேவுகனே தானாகச் சொல்லட்டும் என்று இருந்தாள். முப்பது வருடத்துக்கு மேல் ஓடிப்போயிற்று. சொல்வார் என்ற நம்பிக்கை போய்விட்டிருந்தது; சொல்லவில்லையே என்ற வலி மட்டும் போகவில்லை. அன்று அவர் யாரும் கேட்காமல், தானாகச் சொன்னது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கித் தந்தாள். அன்றிலிருந்து நனையாத வலது பக்கத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தாள்.

இப்போது நான்கு சக்கரமும் இல்லாமல் ஜாக்கி மேல் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உசுரு போயிரும்னு நெனச்சுத்தான் சொன்னீங்களா?"

சேவுகன் தலையாட்டினார். "ஆமா."

"பிரேக்கு நல்லாருந்தா சொல்லியிருக்க மாட்டீங்க."

"தெரியல உண்ணாமலை."

"வார வழியெல்லாம் நாப்பதுலயே ஓட்டுனீங்களே. நான் வேடிக்கை பாக்கறதுக்குன்னு நெனச்சேன்."

"ஆயில ஊத்தி ஊத்தி ஓட்டியாந்தேன். பிரேக்கக் கழட்டுனா ஒனக்குத் தெரிஞ்சிரும். ஏன் அன்னைக்குச் சொன்னேன்னு தெரிஞ்சிரும்."

அதாவது, மன்னிப்புக் கேட்டதன் காரணத்தை மறைப்பதற்காக, ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர் அவளைப் பிரேக் இல்லாத வண்டியில் கூட்டி வந்திருக்கிறார். சொல்லும்போதே அது சேவுகனுக்கும் உறைத்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கையில் கிரீஸ் இருந்தது.

உண்ணாமலை ஸ்டூலை அவர் எதிரே இழுத்துப் போட்டாள். "இப்பச் சக்கரம் இல்ல. இறக்கமும் இல்ல. இன்னும் எதாச்சும் இருந்தா இப்பவே சொல்லுங்க."

அருள்தாஸ் மெதுவாக வெளியே போகப் பார்த்தார். "நீங்க இருங்க தம்பி" என்றாள். அவர் நின்றுவிட்டார்.

சேவுகன் யோசித்து ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னது பொய். அன்று சண்டைக்குப் பயந்து டெப்போவில் உட்கார்ந்திருந்தார். அவளுக்குக் கார் ஓட்ட லைசென்ஸ் இருந்தும் வண்டியைத் தராததற்கு, வண்டி கனம் என்று சொன்னதும் பொய்.

"பின்ன ஏன் தரல?"

"நீ என்னையவிட நல்லா ஓட்டிருவியோன்னு."

கடைசியாக, ஆர்டர் விஷயத்தை மறுபடி முதலிலிருந்து சொன்னார். மலையில் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்: அந்தக் கடிதத்தை அவர் கிழிக்கவில்லை, பஸ் மாற்றியபோது பெட்டியோடு போய்விட்டது. நடுவில் குரல் உடைந்தது. அருள்தாஸ் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அது பேட்டரித் தண்ணீர் என்று தெரிந்ததும் வாங்கி வைத்துவிட்டு வேறு கொடுத்தார்.

"மன்னிச்சிட்டியா?" என்று சேவுகன் கேட்டார்.

"மலையில மன்னிச்சேன். அத வாபஸ் வாங்கிட்டேன். இதுக்கு யோசிக்கணும்."

வேலை பத்து நாள் நடந்தது. உண்ணாமலை தினமும் பட்டறைக்கு வந்தாள். புது லைனிங் பொருத்துவதைப் பார்த்தாள். பிரேக் பைப்பிலிருந்து காற்றை வெளியேற்ற அருள்தாஸ் பெடலை மிதிக்கச் சொன்னபோது சேவுகனை விலக்கிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்து மிதித்தாள். கூரையின் விரிசலை அடைத்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்து, இரண்டு பக்கமும் காய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, நோட்டில் ஒன்றாம் நம்பரைக் கோடு போட்டு அடித்தாள். வீட்டில் சேவுகனுக்குச் சோறு நேரத்துக்குக் கிடைத்தது. பேச்சு கிடைக்கவில்லை.

பத்தாம் நாள் சோதனை ஓட்டம். உண்ணாமலை ஓட்டினாள். சர்வீஸ் ரோட்டில் ஐம்பதில் போய் ஒரே மிதியாக மிதித்தாள். வண்டி நேராக நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேவுகன் முன்னால் போய் மோதிக்கொண்டார்.

"பிரேக்கு பிடிக்குது," என்றாள்.

மறுநாள் காலை, மீமிசலில் இருக்கும் தங்கை பிரகதாம்பாள் வீட்டுக்கு ஒரு வாரம் போய் வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தனியாகத்தான். சேவுகன் கேட்டைத் திறந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது.

"ஃபேன் பெல்ட்டு கீச்சுங்குது. இழுத்துக் கட்டணும். எத்தனாம் நம்பர் ஸ்பேனரு?"

"பதிமூணு. நான் வாரவா?"

"வேணாம். நம்பரு மட்டும் போதும்."

சேவுகன் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். புதுக்கோட்டையில் ஒரு பஸ், அறந்தாங்கியில் ஒரு பஸ் மாறினார். ஆவுடையார்கோவிலைத் தாண்டும்போது மறுபடி போன் வந்தது.

"எங்க இருக்கீங்க? ஏதோ சத்தம் கேக்குது."

"பஸ்ஸுல."

"நான் வேணாம்னேன்ல?"

"கேட்டுச்சு. ஆனாலும் வாரேன்."

அந்தப் பக்கம் ஸ்பேனரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"பெல்ட்டு அந்து போச்சு," என்றாள் உண்ணாமலை. "வாரப்பப் புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. மத்தியானம் இங்கயே சாப்பிடலாம். பிரகதாம்பா மீன் வாங்கப் போயிருக்கா."

பெல்ட் கிடைக்கும் கடையெல்லாம் தாண்டி வந்த அறந்தாங்கியில்தான் இருந்தன. அதை அவர் அவளிடம் சொல்லவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் ரோட்டைக் கடந்து, திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் நின்றார்.