மூன்று தட்டு

ஜப்பான்காரன் வந்ததும் சிங்கப்பூரில் கல்லூரியை மூடிவிட்டார்கள். மருத்துவத்தில் இரண்டாம் வருஷத்தைப் பாதியில் விட்டுவிட்டு, சிடாம் கிரிப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கே திரும்பி வந்தான் பரஞ்சோதி. பால்மரம் வெட்டுகிறவள் மகன் டாக்டருக்குப் படிக்கிறான் என்று அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடிய அதே லயத்துக் குடியிருப்பு, இப்போது 'அரைகூட இல்லை, கால் டாக்டர்' என்று பெயர் வைத்துக் கூப்பிட்டது. அவனும் சிரித்துவைத்தான், வேறென்ன செய்ய?

சிரிப்பு உதட்டோடு சரி. உள்ளுக்குள் ஒரு நிமிஷம் நிம்மதி கிடையாது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லாரி வந்தால் நல்ல வாலிபன் எவனும் மிஞ்சுவதில்லை, போனவனிடமிருந்து ஒரு சேதியும் வருவதில்லை. பரஞ்சோதி தப்பியிருந்தது கையில் கட்டிய ஒரு வெள்ளைப் பட்டையால். 'இவன் என் ஆராய்ச்சி மாணவன்' என்று தோட்டத்து ஜப்பான் மேனேஜரிடம் சொல்லி அதை வாங்கிக் கொடுத்தவர் தோட்டத்து டாக்டர் அருளம்பலம். லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் விரல்கள் தாமாகவே அந்தப் பட்டையைத் தடவிப் பார்க்கும்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஓடைகளில் எண்ணெய் ஊற்றிக் கொசுப்புழுவைக் கொன்றார்கள். இப்போது எண்ணெயெல்லாம் பட்டாளத்துக்கு. லயங்களில் குளிர்சுரம் தலைவிரித்து ஆடியது. போன வருஷம் பரஞ்சோதியின் அப்பாவையே அது கொண்டுபோனது. மலாய்க்காரர்கள் மீனை மயக்கப் போடுகிற தூபா வேரின் சாறு புழுவையும் கொல்லுமா என்று பார்க்க நினைத்தார் டாக்டர். ஒரே குன்றிலிருந்து இறங்கும் இரண்டு ஓடைகள். மேல் ஓடையில் சாறு விடுவது, கீழ் ஓடையைச் சும்மா விடுவது. மேல் ஓடைக்குப் பரஞ்சோதி. கீழ் ஓடைக்குப் பிரேமாவதி. அவள் அலோர் ஸ்டார் நகரத்தில் கணக்கெழுதும் ஒரு தலைமைக் கிராணியின் மகள். சிங்கப்பூரில் உயிரியல் படித்தவள், இப்போது டாக்டர் வீட்டில் தங்கியிருந்தாள். இருவரும் நீளக் காம்பு வைத்த வெள்ளைக் கரண்டியால் ஓடையோரத் தண்ணீரை அள்ளி, அதில் நெளிகிற புழுக்களை எண்ண வேண்டும். வேலை அவ்வளவுதான்.

பிரேமாவதியின் கரண்டியில் புழு மொய்த்தது. பரஞ்சோதியின் கரண்டியில் மருந்துக்குக்கூட ஒன்று இல்லை. டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. விஷயம் மேனேஜர் காதுக்குப் போனது. காய்ச்சல் பிடித்த லயத்து ஜனத்தை எல்லாம் மேல் ஓடைக் கரைக்கு மாற்று, அங்கேயே மரவள்ளி போடட்டும் என்று அவன் உத்தரவு போட்டான். பரஞ்சோதியின் அம்மா காளியம்மா அதற்குள் ஓடிப்போய்த் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்து, நான்கு குச்சியும் நட்டுவிட்டு வந்தாள்.

மேனேஜர் நேரில் பார்க்க வருவதாக இருந்த அன்று காலை பிரேமாவதிக்கே காய்ச்சல் கண்டது. கீழ் ஓடையையும் பரஞ்சோதியே பார்க்கப் போனான். அள்ளினான். ஒன்றுமில்லை. சற்றுத் தள்ளி அள்ளினான். அங்கும் இல்லை. மருந்தே விடாத ஓடை, நேற்றுவரை புழு மொய்த்த ஓடை, இவன் அள்ளினால் மட்டும் சுத்தமா?

மறுபடியும் கரண்டியை நீட்டினான். இந்தத் தடவை தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கரண்டியின் அடி தண்ணீரை மெல்லத் தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம்தான் மொண்டது.

லயத்தில் வளர்ந்த யாரும் அப்படித்தான் மொள்ளுவார்கள். குடத்தின் அடியால் மூன்று தட்டு. தூசி, இலை, பூச்சி எல்லாம் ஒதுங்கும், அப்புறம் மொள்ள வேண்டும். நடை பழகிய வயதில் அம்மா கையைப் பிடித்துப் பழக்கியது. கல்லூரியால் அதை அழிக்க முடியவில்லை. தண்ணீர் அசைந்தால் புழு அடியில் முங்கிவிடும் என்று அவன் படித்துத்தான் இருந்தான். படித்தது தலையில் இருந்தது, பழக்கம் கையில் இருந்தது. பிரேமாவதி குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவள், அவளுக்குத் தட்டத் தெரியாது.

கொஞ்ச நேரம் பொறுத்துத் தட்டாமல் அள்ளினான். கரண்டி முழுக்கப் புழு.

விழுந்தடித்து மேல் ஓடைக்கு ஓடினான். டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்ற நினைப்பு. அங்கே டாக்டரும் மேனேஜரும் கரையிலேயே நின்றிருந்தார்கள். எட்டத்தில் சாமான் மூட்டையோடு லயத்து ஜனம்.

"டாக்டர், ஒரு நிமிஷம் லா, உங்ககிட்ட..."

"பிறகு கதைக்கலாம் தம்பி. முதல்ல அள்ளிக் காட்டும்."

பரஞ்சோதி கரையில் குனிந்தான். தூபா வேர் உண்மையிலேயே கொன்றிருக்கலாம். கொல்லாமலும் இருக்கலாம். அவனுக்கே தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். தட்டினால் கரண்டி கட்டாயம் சுத்தமாக வரும், கையில் பட்டை நிற்கும். கூட்டத்தில் அம்மா அவனைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். கை பழக்கத்தில் தட்டப் போனது. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கரண்டியைத் தண்ணீருக்குள் மெதுவாகச் சாய்த்தான்.

வெள்ளைக் கரண்டியில் புழுக்கள் துள்ளின.

மேனேஜர் முதல் அறையை டாக்டருக்குக் கொடுத்தான். பரஞ்சோதி குறுக்கே போய், "சாலா சாயா, துவான்! சாயா!" என்று கத்தினான். தப்பு என்னுடையது என்று அவனுக்குத் தெரிந்த மலாயில் அவ்வளவுதான் வந்தது. அடுத்த அறை அவனுக்கு விழுந்தது. அப்புறம் அந்த வெள்ளைப் பட்டையை மேனேஜரே உருவினான். ஜனத்தைத் திரும்பிப் போகச் சொன்னான். காய்ச்சலில் விழுந்தால் பால் வெட்ட ஆள் ஏது, அந்தக் கணக்கு அவனுக்குத் தெரியும்.

லயத்துக்குத் திரும்பும் வழியில் பரஞ்சோதி எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் வீங்கிய கன்னத்தோடு கேட்டுக்கொண்டே வந்தார்.

"ஆளுக்கொரு ஓடையைப் பிரிச்சுக் குடுத்தது நான்தானே. மாறி மாறி அள்ள விட்டிருக்க வேணும். பிழை என்ர," என்றார். அவர் கண் கலங்கியதை அவன் அன்றுதான் பார்த்தான்.

லாரி மறுநாளே வந்து பரஞ்சோதியை ஏற்றிக்கொண்டது. காய்ச்சல் விட்டும் விடாமலும் பிரேமாவதி போர்வையோடு வந்து நின்றாள். "இனிமே ரெண்டு ஓடையும் நானே அள்ளுறேன். மருந்து கேக்குதா இல்லையான்னு பார்த்துடலாம் லா," என்றாள். அவன் தலையாட்டினான். அந்த முடிவை என்றாவது கேட்டுத் தெரிந்துகொள்ள அவனுக்கு ஆசையாக இருந்தது.

காளியம்மா லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. டாக்டர் அவளிடம் எல்லாவற்றையும் விளக்கியிருந்தார்.

"மூணு தட்டுதானேடா. நானே கையப் புடிச்சுப் பழக்குனது. நேத்து ஒரு நாளு தட்டியிருக்கக் கூடாதா?"

"தட்டியிருந்தா நீ அந்தப் புழு ஓடைக் கரைக்குக் குடி போயிருப்பம்மா."

அவள் பலகையிலிருந்து கையை எடுத்தாள்.