அக்கா நிற்கும் அறைகள்

வீடு விற்பவர்களுக்கு வர்ச்சுவல் டூர் செய்து கொடுப்பது என் தொழில். அறை நடுவில் கேமராவை நிறுத்தினால் அது நாலு பக்கத்தையும் ஒரே சுற்றில் படம் பிடித்துவிடும். திரையில் அம்புக்குறியைத் தொட்டால் கூடத்திலிருந்து சமையலறை, அங்கிருந்து பால்கனி என்று நடக்கலாம். படத்தில் ஆள் தெரியக் கூடாது என்பது எங்கள் முதல் சட்டம். கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் ஒளிந்து ஒளிந்தே என் முதுகு போயிற்று.

இந்த லட்சணத்தில் என் அக்கா ஒரு வேலைக்கு விண்ணப்பித்தாள். தொழிற்பயிற்சிக் கல்லூரியில், யார் எந்தத் தொழிலுக்குப் போகலாம் என்று மாணவர்களுக்கு வழி சொல்லும் வேலை. நேர்காணலுக்கு வருகிறவர்கள் தங்கள் தொழில் பாதையை, மாணவர்கள் தொட்டுத் தொட்டுச் சுற்றிவரும்படி ஒரு டூராகச் செய்துகொண்டு வர வேண்டுமாம். அந்த வேலைமேல் அவளுக்கு உயிர். ஆனால் அவள் பாதை லேசுப்பட்ட பாதையா? சலவை நிலையம், பேக்கரி, லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி, ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை. "ஒரு இடத்தில் உட்காரத் தெரியாதவள்" என்று சொந்தக்காரர்கள் யாராவது என் காதுபடச் சொன்னால் சண்டைக்கே போய்விடுவேன். அக்கா ஐம்பதை நெருங்குகிறாள். இதுவும் கைநழுவினால் இந்த வயதில் இன்னொரு இடம் கூப்பிடாது என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

"நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்" என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு நாலு இடத்துக்கும் போனேன். எல்லாரையும் வெளியே அனுப்பி, மேசையைத் துடைத்து, விளக்கைப் போட்டு, பளிச்சென்று எடுத்து வந்து அக்காவிடம் காட்டினேன். கடைசி அறைவரை தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏன்டா, இதுல எந்த வீடு விலைக்கு வருது?"

"என்னக்கா இப்படிக் கேக்கறே? எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு!"

"சுத்தமாத்தான் இருக்கு. ஒரு ஈ காக்கா இல்லை. நான் இங்கெல்லாம் வேலை பார்த்தேனா, இல்லை வாடகைக்கு இடம் தேடி வந்தேனா?"

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இந்தத் தடவை யாரையும் வெளியே அனுப்பவில்லை; சொன்னாலும் போயிருக்க மாட்டார்கள். சலவை நிலையத்தில் அவளைக் கண்டதும் ஈர விரிப்பின் ஒரு முனையைக் கையில் திணித்துவிட்டார்கள். பேக்கரிக்காரர், "வந்தியா மகராசி! இந்த ரொட்டி ஆச்சான்னு பாரு" என்றார். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, "இன்னும் கொஞ்சம் வேகணும்" என்று திரும்ப அடுப்புக்குள் தள்ளினாள். நான் ஒளியாமல் கேமரா பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தேன். படத்தில் என் தொப்பையும் விழுந்திருக்கிறது, விழட்டும்.

அந்தத் தட்டலையே டூரில் வைத்தேன். திரையில் மூன்று ரொட்டிகள். தொட்டால் தட்டும் சத்தம் கேட்கும்; வெந்தது மட்டும் உள்ளே கூடானதுபோல் டொக்கென்று ஒலிக்கும். வெந்தது எது என்று கண்டுபிடித்தால்தான் அடுத்த அறைக்கு அம்புக்குறி வரும். ஆம்புலன்ஸ் அறையில் ஃபோன் அடிக்கும், ஒருவர் பதறுவார். 'எங்க இருக்கீங்க?' என்று முதலில் கேட்டால்தான் வண்டி கிளம்பும். என் தொழிலில் இப்படி ஒன்றை நான் செய்ததே இல்லை.

சண்டை வந்தது அம்புக்குறியில்தான். ஒவ்வொன்றின் மேலும், அக்கா அந்த வேலையை ஏன் விட்டாள் என்று சில வார்த்தை எழுத வேண்டும். நான் எல்லாவற்றிலும் 'குடும்பச் சூழ்நிலை' என்று போட்டுவைத்தேன். அத்தான் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார், மகளைத் தனியாளாக வளர்த்தாள். கேட்கிறவர் மனம் இளகாதா?

"யாருக்குடா சூழ்நிலை?" என்று பாய்ந்தாள். "அவர் போனதும் சலவைக்குப் போனது வயித்துக்கு. மத்ததெல்லாம் எனக்குப் பிடிச்சுப் போனது. பேக்கரித் துணியெல்லாம் எங்ககிட்டத்தான் வெளுக்க வரும். அந்த வாசனைக்கே அங்க போய்ச் சேர்ந்தேன். அங்க சாமான் ஏத்தற லிஃப்ட் அடிக்கடி மக்கர் பண்ணும். ரிப்பேர்காரர் பக்கத்துலயே நின்னு பார்த்துப் பார்த்து, அவர் கம்பெனிக்கே போயிட்டேன். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட கதவுக்கு வெளியில நின்னு பேசிப் பேசியே பயத்தைப் போக்குவேன். அதைக் கேட்ட ஒரு ஆம்புலன்ஸ்காரர்தான் 'எங்ககிட்ட வாங்கம்மா'ன்னார். இதையே போடு."

"இதைப் போட்டா மனசு நிலையில்லாத ஆளுன்னுதான் நினைப்பாங்க. அழுத புள்ளைதான்கா பால் குடிக்கும்!"

"அழுது வாங்கற வேலை எனக்கு வேண்டாம். போடறியா, நானே தட்டட்டுமா?"

போட்டேன். அவளிடம் யார் ஜெயித்தது?

கம்ப்யூட்டரை இயக்க வேண்டியிருந்ததால் நேர்காணலில் நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பிரின்சிபால் அம்மா நாலு அறையையும் தானே தொட்டுத் தொட்டுச் சுற்றிவந்தார். வெந்த ரொட்டியைச் சரியாகக் கண்டுபிடித்தபோது சின்னப் பிள்ளைபோல் சிரித்தார். ஒவ்வொரு அம்புக்குறியிலும் நின்று படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்னு சொல்லுவாங்களேம்மா?"

"எந்த மரம் எதுக்கு ஆகும்னு அவனைத்தாங்க கேக்கணும். இங்க எனக்கு அதுதானே வேலை?"

எழுந்து கைதட்டலாம் போலிருந்தது. அந்த அம்மா லேசில் விடுகிற ஆளாக இல்லை.

"சரி, இங்கயும் ஒரு நாள் சலிச்சுப்போச்சுன்னா?"

'சலிக்காதுன்னு சொல்லிடுக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும்' என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

"போயிடுவேங்க. பொய் சொல்ல வரலை. ஆனா இருக்கற வரைக்கும், என்ன பண்றதுன்னு தெரியாம வர்ற ஒரு புள்ளையையும் வெறுங்கையா திருப்பி அனுப்ப மாட்டேன்."

கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டாமல் பண்ணிவிட்டாளே பாவி! அதே சமயம், தலை குனியாமல் உட்கார்ந்திருந்த அவளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது. வேலை போனாலும் போகட்டும், இவள் என் அக்கா என்று அந்த அறையில் இருந்த எல்லாரிடமும் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

பிரின்சிபால் பக்கத்தில் இருந்தவர்களிடம் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிவிட்டுத் திரும்பினார். "ஒண்ணைத் தேர்ந்தெடுத்துட்டா ஆயுசுக்கும் அதுலயே மாட்டிக்குவோமோன்னுதான் எங்க பசங்க பயந்து சாகறாங்க. அவங்களுக்கு உங்களைக் காட்டணும். திங்கட்கிழமை வந்து சேர்ந்துடுங்க."

வெளியே வந்ததும் அக்கா தண்ணீர் குடிக்கப் போனாள். நான் வராந்தாவில் நின்றபடியே வீட்டுக்கு ஃபோன் போட்டேன்.

"அம்மா, உன் பொண்ணுக்கு வேலை கிடைச்சிடுச்சு!"

"நிஜமாவா? எத்தனை நாளைக்குடா?"

"அவளுக்குப் பிடிக்கிற வரைக்கும்மா" என்றேன், வராந்தா முழுக்கக் கேட்கும்படி.