குச்சி தூங்கும் இடம்

"இந்த ஸ்க்ரூவ நீயே போட்டுடும்மா. கண்ணு சரியா தெரியல," என்று சொல்லி, என் வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சனிக்கிழமை மத்தியானம், இருவருக்கும் அரைநாள்தான் வேலை. சாப்பிட்ட தட்டுகள்கூட இன்னும் கழுவப்படாமல் கிடந்தன. மேசையின் மறுபாதியில் நாங்கள் ரிமோட்டில் பறக்கவிடும் குட்டி விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மல்லாந்திருந்தது. கண்ணாடி மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதை மூக்கில் மாட்டிக்கொண்டே கண் தெரியவில்லை என்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. உடம்பு வணங்காததற்கு இதுவும் ஒரு சாக்கு என்று நினைத்துக்கொண்டு, எறும்பளவு இருந்த அந்த ஸ்க்ரூவை நானே போட்டேன். எனக்கு மட்டும் உடம்பு என்ன இரும்பிலா செய்திருக்கிறது?

நான் வேலை பார்ப்பது ஃபோம் வெட்டும் பட்டறையில். கேமரா, மருத்துவக் கருவி, கண்ணாடிச் சாமான் எதுவானாலும் பெட்டிக்குள் ஆடாமல் உட்கார, அதனதன் உடம்புக்கு ஏற்றபடி குழி வெட்டிக் கொடுக்கிறோம். வாரத்தில் ஆறு நாளும் ஃபோம்தான். சரி, வீட்டுக்கு வந்தாவது நிம்மதியாக இருக்கலாம் என்றால் இங்கேயும் அதே கதை. தலைமுடியில், சோப்புப் பெட்டியில், தலையணை உறையில் எல்லாம் வெள்ளைத் தூள். "உன்னக் கட்டிக்கிட்டதே ஃபோமுக்காகத்தான்," என்று அவர் கேலி செய்வார். ஃபோம் தீர்ந்ததும் எங்கே அனுப்புவதாக உத்தேசம் என்று நான் கேட்பேன். கேட்டுவிட்டு மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டு உட்காருவேன்.

அவர் கிரேன் ஓட்டுகிறார். எழும்பிக்கொண்டிருக்கும் கட்டிடங்களுக்குப் பக்கத்தில் ஒற்றைக்காலில் நிற்குமே, அந்த உயரமான கிரேன். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். மேலே கண்ணாடிக் கூண்டில் ஒரு நாற்காலி, கைக்கு ஒன்றாக இரண்டு குச்சிகள், கீழே கொக்கியில் தொங்கும் இரும்போ கான்கிரீட்டோ. நாளெல்லாம் இரண்டு குச்சிகளைப் பிடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் ரிமோட்டில் இரண்டு குச்சிகளைப் பிடிக்கிறீர்களே, அலுக்கவில்லையா என்று முன்பொருமுறை கேட்டேன். "அங்க எல்லாம் கனம். இங்க கனமே இல்லல்ல," என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்துப் போயிற்று. அதன்பிறகுதான் நானும் இந்தப் பைத்தியத்தில் சேர்ந்தேன். செய்வது நான், பறக்கவிடுவது அவர் என்பது பேசி வைக்காமலே வந்த ஏற்பாடு. ஆசைக்கு எப்போதாவது ரிமோட்டை வாங்கி ஒரு குட்டிக்கரணம் போட்டு, உடைக்காமல் இறக்குமளவுக்கு எனக்கும் தெரியும்.

இந்த விமானத்தை நான் ரொம்ப ஆசையாகச் செய்தேன். இறக்கை இரண்டு முழம்கூட வராது. மெல்லிய ஃபோம் தகடுகளைக் கூட்டல் குறிபோல ஒன்றுக்குள் ஒன்று செருகி, வளையாமலிருக்க தையல் ஊசி கனத்தில் கார்பன் குச்சிகளைப் பதித்து, இறக்கையின் பின்விளிம்பை வெட்டி மறுபடியும் டேப்பால் ஒட்டினால் அது கதவுபோல மேலும் கீழும் ஆடும். அதை ஆட்டுகிற சின்ன மோட்டாருக்குத்தான் சர்வோ என்று பெயர். ஒட்டுவதிலும் கவனம் வேண்டும். கடையில் கிடைக்கும் சூப்பர் பசையை வைத்தால் ஃபோமையே தின்றுவிடும். பசை ஒரு சொட்டு கூடினால் எடை கூடும், எடை கூடினால் விமானம் சோம்பேறியாகும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு மூலையாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். விரல் நினைத்ததும் இது திரும்ப வேண்டும் என்பதுதான் என் ஒரே எண்ணம். கடைசியில் இரண்டு விரல் நுனியில் இறக்கையைத் தாங்கிப் பிடித்து, மூக்கு லேசாகச் சாய்கிறதா என்று பார்ப்பதை எப்போதும் அவர்தான் செய்வார். அது அவருடைய சடங்கு. இந்தமுறை அதையும் "நீயே பாத்துடு" என்றுவிட்டார். வாரம் முழுக்க உழைத்த அசதி என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை மைதானத்துக்குப் போனோம். மைதானம் என்றால் பூட்டிக்கிடக்கும் ஒரு கிடங்கின் பின்னால் இருக்கும் புல்வெளி, அவ்வளவுதான். பசை என்று நாங்கள் கூப்பிடும் பையன் எங்களுக்கு முன்பே வந்திருந்தான். கைபேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை. ஒருதடவை கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒட்டிக்கொண்டு, அப்படியே ஒருநாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருந்ததால் வந்த பெயர். சொந்தப் பெயரை அவனே மறந்திருப்பான். அவனுடைய விமானம் அன்றும் கிளம்பவில்லை, அதை மடியில் போட்டுக்கொண்டு நோண்டியபடி எங்களுடையதை அண்ணாந்து பார்த்தான்.

நான் விமானத்தைத் தலைக்குமேல் தூக்கி எறிந்தேன். மேலே ஏறிவிட்டது. இடப்பக்கம் லேசாக இழுத்ததை அவர் சரிசெய்தார். பிறகு ஒரு பெரிய வட்டம், ஒரு குட்டிக்கரணம், தலைகீழாக ஒரு நீளப் பறத்தல்.

"அக்கா, அண்ணன் இப்பல்லாம் எவ்ளோ நிதானமா ஓட்டறாரு பாத்தீங்களா? முன்னாடி வெட்டி வெட்டித் திருப்புவாரு. இப்ப பாருங்க, வழுக்கிக்கிட்டுப் போகுது," என்றான் பசை.

"வயசாகுதுல்ல," என்றேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது, என் கைவேலைக்கும் அதில் பங்கு உண்டே.

அப்போது அவருடைய கைபேசி அடித்தது. சைட் இன்ஜினியரின் அழைப்புக்கென்று தனிச் சத்தம் வைத்திருக்கிறார், அதை எடுக்காமல் விடமாட்டார். "கொஞ்சம் புடி," என்று பறக்கிற விமானத்தோடு ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, கைபேசியைக் காதில் வைத்தபடி கிடங்குச் சுவர்ப்பக்கம் நடந்தார்.

வாங்கிய உடனே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. வலது குச்சியை லேசாகச் சாய்த்தேன், விமானம் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன், அப்போதும் நேராகவே போயிற்று. பயந்துபோய் இன்னும் தள்ள, திடீரென்று விழித்துக்கொண்டதுபோலப் புரண்டது. சர்வோவிலிருந்து இறக்கைக்குப் போகிற கம்பியை நான் தளர்வாக மாட்டியிருக்கிறேன், நேற்றுப் போட்ட அந்த ஸ்க்ரூதான் கழன்றிருக்கிறது என்று முடிவே செய்துவிட்டேன். ஆசையாசையாகச் செய்து கடைசியில் கோட்டைவிட்டேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எப்படியோ புல்லில் இறக்கினேன்.

ஓடிப்போய்ப் பார்த்தால் ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தது. கம்பியும் சரியாகவே இருந்தது. டேப் ஓரிடத்தில்கூட விடவில்லை. விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு, விசிறி மோட்டாரை அணைத்துவிட்டு, குச்சியை மட்டும் மெல்ல அசைத்துப் பார்த்தேன். குச்சி நகர்ந்தது, இறக்கை தூங்கியது. குச்சி வெகுதூரம் போனபிறகுதான் இறக்கை எழுந்தது. கோளாறு என் வேலையில் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

ரிமோட்டில் எக்ஸ்போ என்று ஒன்று உண்டு. குச்சியின் நடுப்பகுதியை மந்தமாக்குவதுதான் அதன் வேலை. விரல் கொஞ்சம் அசைந்தால் இறக்கை அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. எல்லோரும் ஓரளவு வைத்துக்கொள்வார்கள், நாங்கள் வைப்பது முப்பது சதவீதம். திரையில் பார்த்தேன். எண்பத்தைந்து என்றிருந்தது.

எதற்காக ஒருவர் இவ்வளவு வைப்பார்? விரல் தானாக அசைந்தால்தான் வைப்பார். அசைவது வெளியே தெரியக்கூடாதென்றால்தான் வைப்பார். நான் புல்லில் உட்கார்ந்தபடியே இருந்தேன். தம்ளரில் பாதிக்குமேல் ஊற்றவேண்டாம் என்கிறார். சட்டைப் பொத்தான் போடும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். கண் தெரியாத புதுக் கண்ணாடி. எல்லாம் ஒரே வீட்டுக்குள், என் மூக்குக்கு நேராகத்தான் நடந்திருக்கிறது. நான் அசதி என்று நினைத்தேன். எனக்கு அசதி என்பதால் அவருக்கும் அசதி. முதலில் கோபம்தான் வந்தது. இழைத்து இழைத்து நான் செய்த விமானத்துக்கு இவர் வாயைக் கட்டிவிட்டாரே என்ற அற்பமான கோபம். அதற்குப் பின்னால்தான் பயம் வந்தது. இந்த விமானத்துக்கு வாயைக் கட்டலாம், அந்தக் கிரேனுக்கு எப்படிக் கட்டுவார்? கொக்கிக்குக் கீழே நிற்கிறவர்கள் எல்லோரும் பிள்ளைகுட்டிக்காரர்கள்.

அவர் பேசி முடித்துவிட்டு வந்தார். "நாளைக்கு சீக்கிரம் வரச் சொல்றாங்க. மேல் மாடிக்குக் கண்ணாடி ஏத்தணுமாம், பெரிய பெரிய தகடு. நான்தான் வேணுமாம்." அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பிறகு மடியிலிருந்த விமானத்தைப் பார்த்தார். "ஏன் எறக்கிட்ட?"

"எக்ஸ்போ எதுக்குங்க இவ்ளோ?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "புது ப்ளேன். எடை இல்லல்ல. துள்ளும்னு வெச்சேன்."

"நான் செஞ்ச ப்ளேன் துள்ளாது."

அவர் எனக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார். உட்காரும்போது வலது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். அதையும் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"எப்பவும் இல்ல. காலைல கொஞ்சம். மேல ஏறி உக்காந்துட்டா சரியாயிடுது." இடது கையால் புல்லைக் கிள்ளியபடி, "சரியாயிடுச்சுன்னு நெனச்சுப்பேன்," என்றார். "ஒருத்தரும் கண்டுபிடிக்கல. நல்லா ஓட்டறேன்னு வேற சொல்றாங்க."

"டாக்டர்கிட்ட?"

"போனா எழுதிக் குடுத்துடுவாருல்ல. அப்புறம் என்னைய யாரு மேல ஏத்துவாங்க? கீழ நின்னு கொடி ஆட்டச் சொல்வாங்க. அதுக்கும் இந்தக் கைதான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கத்தலாமா அழலாமா என்றுகூடத் தெரியவில்லை. அவரை அந்த நிமிடமே வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்து, நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டு, திங்கட்கிழமையே வராமல் செய்துவிட வேண்டும்போல இருந்தது. பூசி மெழுகுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. இருபது வருடமாக எத்தனையோ விஷயத்தை இருவரும் சேர்ந்து மெழுகியிருக்கிறோம்.

நான் திரையைத் தொட்டு எக்ஸ்போவைக் குறைத்துக்கொண்டே வந்தேன். பூஜ்யத்துக்கு வந்ததும் நிறுத்தி, ரிமோட்டை அவரிடம் நீட்டினேன்.

"ஒருதடவ இப்படி ஓட்டுங்க. எனக்குப் பாக்கணும்."

அவர் ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். "உடைஞ்சா என்னச் சொல்லக்கூடாது," என்று எழுந்து வாங்கிக்கொண்டார். நான் மறுபடியும் விமானத்தைத் தூக்கி எறிந்தேன்.

மேலே போயிற்று. நேராகப் பிடித்து ஓட்டினார். ஓட்டத் தெரியாதவரில்லையே, விமானம் எங்கே போகவேண்டுமோ அங்கேதான் போயிற்று. ஆனால் போகிற வழியெல்லாம் இறக்கைகள் இரண்டும் விடாமல் உதறின. பெரிதாக இல்லை, குளிரில் பல் அடித்துக்கொள்ளுமே, அந்த அளவுக்குத்தான். நான் செய்த விமானம் விரல் சொன்ன ஒன்றையும் விடாமல், அப்படியே மேலே சொல்லிக்கொண்டிருந்தது. அவருடைய கையை அவரே அப்போதுதான் முழுசாகப் பார்க்கிறார் என்று தோன்றியது.

புல்வெளியின் அந்தப் பக்கத்திலிருந்து பசை குரல் கொடுத்தான். "அக்கா, மேல காத்து அடிக்குதா என்ன? இப்படி ஆட்டுது?"

புல் ஆடவில்லை. கிடங்குச் சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் பைகூட அசையவில்லை. ஆமாம்ப்பா, மேலே காற்று என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"காத்து இல்லப்பா," என்றார் அவர், விமானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "என் கை."

பசை எழுந்து நின்றான். விமானம் கிடங்குக் கூரைக்கு மேலே திரும்பி, வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு எங்களைப் பார்த்து வரத் தொடங்கியது. அவர் அதை இறக்கவில்லை, வேகத்தையும் கூட்டவில்லை. தலைக்கு மேலே, தாழ்வாக, இரண்டு இறக்கையும் நடுங்க நடுங்க அது நேராக வந்துகொண்டிருந்தது.