வாரத்துக்கு ஒரு கிலோ

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி ஜலஜாவை எடை மெஷினில் ஏற்றுவது என் வேலை. வரைபடத்தாளில் புள்ளி வைப்பது ஒன்பதாவது படிக்கும் மகள் தாரிணியின் வேலை. மல்லாபூர் மாத்திரை கம்பெனியில் இருபது வருஷமாக நான் செய்வதும் இதைத்தான். மருந்தின் வீரியத்தை அவ்வப்போது அளந்து, புள்ளி வைத்துக் கோடு இழுத்தால், அது காலாவதியாகும் தேதி தானாக வந்து விழும். அந்தக் கெட்ட புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்தேன், வேறென்ன. ஜலஜாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வாரம் ஐம்பத்திரண்டு கிலோ. y-அச்சில் கோடு அங்கே தொடங்கியது. சாய்வு மைனஸ் ஒன்று, வாரத்துக்கு ஒரு கிலோ. நாற்பதுக்குக் கீழே போனால் ஊசி போட முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பன்னிரண்டாவது ஞாயிறு நாற்பதைத் தொடும் என்றது கோடு. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாவது ஞாயிறு நாற்பத்தேழு. ஆறாவதும் நாற்பத்தேழு. ஏழு, எட்டு, அதேதான்.

"டாடி, ஸ்லோப் ஜீரோ அயிப்போயிந்தி!" சாய்வு பூஜ்யமாகிவிட்டதென்று தாரிணி குதித்தாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். உப்பல் வரை போய் பிரியாணி வாங்கிவந்து மூக்குமுட்டத் தின்றேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி மெஷின் நாற்பத்துநாலு காட்டியது.

"சிஸ்டர், மொதல்ல உங்க மெஷினைச் சரி பண்ணுங்க!" என்று நர்ஸ் லூர்துமேரியிடம் சண்டைக்குப் போனேன். ஜலஜா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நக்கோ, வேணாம், விடுங்க. மெஷின் சரியாத்தான் இருக்கு."

ஆட்டோவில் சொன்னாள்: "நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி நானே ஏறிப் பாப்பேன். கொறஞ்ச அளவுக்கு அரிசிய பையில போட்டு, பொடவைக்குள்ள இடுப்புல கட்டிக்குவேன். மொதல்ல ஒரு கிலோ, அப்புறம் ரெண்டு, நேத்து மூணு."

"ஏன்டி இப்படிப் பண்ணே?"

"அந்தக் கோட்டப் பாத்துப் பாத்து நீங்க சாப்பிடறதையே விட்டுட்டீங்களே. நேத்துதான் வயிறாரச் சாப்பிட்டீங்க."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். சும்மா நிற்கவே சுவரைப் பிடிக்கிறவள், மூன்று கிலோவைக் கட்டிக்கொண்டு எப்படித்தான் நின்றாளோ!

அடுத்த ஞாயிறு நைட்டியோடு வந்து, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு ஏறினாள். எண்ணை அவள் குனிந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நாற்பத்துமூன்று. பழைய கோட்டிலேயே, நூல் பிசகாமல்.

"எவ்ளோ?" என்றாள்.

"நாப்பத்தேழு."

"அப்ப வாங்க, தோசை ஆறுது."

தாரிணி எட்டி எண்ணைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பென்சிலை நாற்பத்தேழில் வைத்து, தாள் கிழியும்படி அழுத்தினாள்.